வைரவர் ஆகாத கல்

யாழ்ப்பாணத்துப் புத்தூரில் ஒரு கன்று நடுவதென்றால் முதலில் கல்லோடு வாதாட வேண்டும். மேலே ஒரு சாண் செம்மண். அதற்குக் கீழே, வெற்றிலை போட்ட வாய்க்குள் பல்லைப்போல, வெள்ளைக் கல். அலவாங்கை, அந்த இரும்புக் கடப்பாரையை, ஓங்கிப் போட்டால் கல் அதைத் திருப்பி அனுப்பும். கை அதிரும், தோள் அதிரும், அந்த அதிர்வு கடைவாய்ப் பல்லில் போய் நிற்கும். பிறகும் போட வேண்டும். நான் போட்டேன். ஐம்பத்தொரு வயதுப் பெண் தனியாக நின்று கல்லுடைப்பதைப் பார்க்க வீதியில் போன சைக்கிள்கள் மெதுவாகின. பார்க்கட்டும் என்று விட்டேன்.

அது வீட்டின் வடக்குப் பக்கத்து வளவு. ஒரு கிணறு, ஒரு பூவரசு, மிச்சமெல்லாம் வெறும் முற்றம். அந்த முற்றம் முழுவதற்கும் சீமெந்துக் கல் பதிக்க வேண்டும் என்று கனடாவில் இருக்கிற என் அண்ணை தொலைபேசியில் சொல்லியிருந்தார். அவருடைய மகளின் கலியாணம் வருகிற ஆவணியில் இங்கே நடக்க இருந்தது. வாகனம் விட இடம் வேண்டும், பந்தல் போட இடம் வேண்டும், வெளிநாட்டிலிருந்து வருகிற சனத்தின் சப்பாத்தில் செம்மண் ஒட்டக் கூடாது. தான் வந்து நின்று ஒரு கிழமையில் வேலையை முடித்துவிடலாம் என்றார். நான் "பாப்பம்" என்றேன். அண்ணைக்கு முன்னால் நான் சொன்ன பாப்பம் எல்லாம் கடைசியில் சரி என்றுதான் முடிந்திருக்கின்றன. அவரும் அப்படியே எடுத்துக்கொண்டு தொலைபேசியை வைத்தார்.

அடுத்த நாள் காலையில் கிணற்றடியில் சாய்ந்து கிடந்த அலவாங்கை எடுத்தேன்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அதற்கு முந்திய நாட்களில், ஐப்பசி மழை தொடங்கிய கையோடு, வண்ணத்துப்பூச்சிகள் ஊரைக் கடந்துகொண்டிருந்தன. வெளிர்மஞ்சள், பச்சை கலந்த வெள்ளை, ஆயிரக்கணக்கில், எல்லாம் ஒரே திசையில். என் முற்றத்துக்கு மேலாலும் போயின. ஒன்றுகூட இறங்கவில்லை. இறங்குவதற்கு அங்கே என்ன இருந்தது? எங்கள் ஊரில் முற்றம் என்பது ஒரு பெண்ணின் நற்சான்றிதழ். காலையில் ஈர்க்குமாற்றின் கோடு தெரியக் கூட்டியிருக்க வேண்டும், ஒரு புல் முளைத்திருக்கக் கூடாது. பதின்மூன்று வீடுகளில் இருந்தவள் நான். பாதி சண்டைக்குப் பயந்து ஓடிப்போய் இருந்தவை, மீதி நானே அலுத்துப்போய் மாறியவை. கடைசியில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, ஊர் மெச்ச முற்றம் கூட்டினேன். அந்த முற்றத்தைப் பார்த்துவிட்டு அவ்வளவு பூச்சியும் அங்காலே போயின. எனக்கு அது அவமானமாக இருந்தது. மனிதர்கள் என்னைக் கடந்து போனதற்குக்கூட நான் அப்படி முகம் சிவந்ததில்லை.

வண்ணத்துப்பூச்சிக்குப் பூ மட்டும் வைத்தால் போதாது, புழுவுக்குச் சாப்பாடு வைக்க வேண்டும். பூவைத் தேடி வருகிறது குடித்துவிட்டுப் போய்விடும். முட்டை இட இலை இருந்தால்தான் தங்கும். அதனால் தேசி எலுமிச்சை நட்டேன். கறிவேப்பிலை நட்டேன். வேலியோரத்தில் எல்லோரும் பிடுங்கி எறிகிற தகரையை விட்டுவைத்தேன். பிறகு, தெரிந்துகொண்டே, வளவுக்குள் எருக்கலை நட்டேன்.

மதிலுக்கு அந்தப் பக்கத்து அக்கா அன்றைக்கே வந்துவிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் வீட்டில் உப்புக் குறைந்தாலும் அவருக்குத் தெரியும். எருக்கலை நிற்கிற வீடு என்றால் ஆளில்லாத வீடு. ஒருவரை மண் அள்ளித் திட்டுகிறபோது சொல்கிற சொல் அது, உன் வீட்டில் எருக்கலை முளைக்க என்று. அதைக் குழி வெட்டி, எருப் போட்டு, தண்ணீர் ஊற்றி வைக்கிறாளே என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டார்.

"முருங்கையிலை மயிர்க்கொட்டி வந்தால் சனம் பந்தம் கட்டிக் கொளுத்துது," என்றார். "நீ சோறு போட்டு வளக்கிறாய் பிள்ளை. உனக்குக் கலியாணம் செய்துவைக்காமல் விட்டது எங்கடை பிழைதான்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் நான் எருக்கலையைப் பிடுங்கவில்லை.

இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த காலத்தில், கூரையில்லாத எங்கள் நடு அறையில் என் உயரத்துக்கு ஒரு எருக்கலை நின்றது. அம்மா வேறு எதையும் பார்க்க முதல் அதைத்தான் பிடுங்கினார், அழுதுகொண்டே, இரண்டு கையாலும். வெள்ளைப் பால் அவருடைய சேலையெல்லாம் வடிந்தது. எனக்கு அப்போதே சொல்ல வேண்டும்போல இருந்தது, நாங்கள் விட்டுவிட்டுப் போன வீட்டில் இது ஒன்றுதானே நின்றது என்று. சொல்லவில்லை. முப்பது வருடத்துக்குக் கிட்டப் பிந்தி, கிணற்றடியில் பதினொரு கன்றாக நட்டுச் சொன்னேன்.

கல்லுக்குள் கடல் இருப்பதை ஏழாவது குழியில் கண்டேன். அலவாங்கு பட்ட கல் ஒன்று பலாச்சுளை பிரிகிற மாதிரி இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஒரு சிப்பி. முழுச் சிப்பி, விசிறி விரித்த கோடுகளோடு, மூடிய வாயோடு. நான் மண்ணில் அப்படியே இருந்துவிட்டேன். அடுத்த கல்லை உடைத்தேன். சிறிய சிறிய நட்சத்திரங்கள் நெருக்கி அடுக்கிய மாதிரி ஒரு பவளக் கட்டை. அடுத்தது வெறும் கல். அதற்கடுத்ததில் ஒரு சுருள், கல்லாகிப்போன நத்தை. எங்கள் ஊரிலிருந்து கடற்கரைக்குப் பஸ் எடுத்துத்தான் போக வேண்டும். இந்தக் கல்லை உடைத்துத்தான் சுவர் கட்டினோம், வீதி போட்டோம், சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி அந்தச் சுவருக்கே பூசினோம். ஒரு நாளும் உள்ளே பார்த்ததில்லை.

குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் கொண்டுவருகிறவர் ஒருவர் இருக்கிறார். மூன்று பிள்ளைகளின் தகப்பன், கழுத்தில் சிலுவை, எனக்குத் தம்பி முறை வைத்துக் கூப்பிட்டுப் பழக்கம். அவரைப் படலையடியில் நிறுத்தி அந்தச் சிப்பியைக் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு பெருவிரலால் தடவினார்.

"உது மட்டி," என்றார். "எங்கடை கரையிலை இப்பவும் கிடக்கு. ஆனால் அக்கா, உதிலை குழம்பு வைக்கேலாது. கொஞ்சம் பழுதாய்ப் போச்சு."

எவ்வளவு காலப் பழுது என்று எனக்கும் தெரியாது. ஊரும் கிணறும் தமிழும் இல்லாத காலம். இந்தத் தரையை எத்தனை பேர் தங்கள் தரை என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள், எத்தனை தரம் எங்களை எழும்பச் சொன்னார்கள், எத்தனை தரம் நாங்களும் எங்களுக்குள் அரை முழ வேலிக்காக நீதிமன்றம் ஏறினோம். இந்தக் காணியின் முதல் உறுதிப்பத்திரம் மட்டியின் பெயரில் இருந்திருக்கிறது.

மாசியில்தான் பெரிய கல் வந்தது. சுளகு அளவு, ஒரு பக்கம் தட்டை. அந்தத் தட்டையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் புடைத்துக்கொண்டு நின்றது. வட்டத்துக்குள் ஐந்து இதழ்கள், யாரோ கோலப்பொடியால் இழுத்த மாதிரி. மீன்காரர் அதையும் தடவிப் பார்த்து, உயிரோடு இருக்கும்போது மேலெல்லாம் குட்டி முள்ளு நிற்கும், செத்தபிறகு முள்ளு உதிர்ந்து இப்படிப் பூப்போலக் கரையொதுங்கும் என்றார்.

அந்தக் கல்லைப் பூவரசுக்குக் கீழே, மண் சரியாமல் இருக்க, நிமிர்த்தி வைத்தேன். காலை வெயில் படும்போது இதழ்கள் நன்றாகத் தெரியட்டும் என்று கிழக்குப் பார்க்க வைத்தேன். செம்மண் போகச் செம்பில் தண்ணீர் அள்ளி அள்ளி ஊற்றினேன். போகாத இடத்துக்குத் தேசிக்காய் வெட்டித் தேய்த்தேன். புளி பட்ட இடத்தில் கல் மெல்ல நுரைத்தது, கல்லையே தின்கிறது என்று கண்டு நிறுத்திவிட்டேன். வெட்டிய தேசிக்காய்ப் பாதிகள் கல்லடியில் கிடந்தன. எல்லாவற்றையும் நானே செய்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லை மரத்தடியில் கிழக்குப் பார்க்க நிறுத்தி, செம்பால் வார்த்து, தேசிக்காய் வெட்டி வைத்தால் அதன் பெயர் என்ன என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கல்லுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. மேலே செவ்வரத்தம்பூ. முன்னால் ஒரு வாழையிலைத் துண்டில் வடை.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது, கோயிலில் கதைக்கிற குரலில். வைரவர் மண்ணைப் பிளந்து வெளிக்கிட்டிருக்கிறாராம். எருக்கலை நட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது சும்மா இல்லையாம். அது பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற பூவல்லவா, வைரவர் சிவனின் வடிவம்தானே, தகப்பனுக்கு முன்னால் பிள்ளை வந்து நின்றிருக்கிறாராம். மூன்று மாதத்துக்கு முந்தி அதே செடிக்காகத் தலையில் கைவைத்தவர். நான் அது கடலில் இருந்த பிராணி என்று சொல்லிப் பார்த்தேன். கடலில் இருந்தவர் புத்தூருக்கு எப்படி வந்தார் என்று அவர் கேட்டார். 

அடுத்த கிழமை மீன்காரர் படலையில் நின்று எட்டிப் பார்த்தார்.

"அக்கா," என்றார், "எங்கடை ஆளை நீங்கள் மதம் மாத்திப் போட்டியள்."

வைரவர் கதையை நான் மறுக்காமல் விட்டதற்குச் சிரிப்பு மட்டும் காரணமில்லை. அக்கா ஒரு நாள் மதிலில் சாய்ந்துகொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னார், அண்ணை வந்தாலும் வைரவர் நிற்கிற இடத்தில் சீமெந்து போட மாட்டார், ஆகவே நீயும் வாயை மூடிக்கொண்டிரு என்று. அவர் உண்மையாகவே நம்பினாரா, எனக்காக நம்பினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம். ஆனால் அந்தக் கதையைக் கேட்டதும் என் மடியில் யாரோ பூட்டுக்கான திறப்பைப் போட்ட மாதிரி இருந்தது. எருக்கலை இடுப்பளவு வளர்ந்திருந்தது. இலைகளுக்கு அடியில் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரி போட்ட புழுக்கள். தேசியில் பறவை எச்சம்போல வேடம் போட்டுக்கொண்டு வேறு புழுக்கள். சித்திரையில் முதல் கூடு திறந்தது. செம்மஞ்சள் இறகு, கறுப்புக் கரை. காயும் வரைக்கும் என் விரலில் இருந்துவிட்டு, எங்கேயும் போகாமல், அதே வளவில் பறந்தது. அதைக் காப்பாற்ற ஒரு பொய் போதும். அதுவும் நான் சொல்லாத பொய்.

ஆடிக் கடைசியில் அண்ணை வந்தார். தலை நரைத்து, முழங்கால் நோவோடு, ஆனால் வந்த மறுநாள் காலையிலேயே அளவு நாடாவோடு வடக்கு வளவில் இறங்கினார். கல் பதிக்கிற ஒப்பந்தக்காரரும் கூட வந்திருந்தார், கையில் மாதிரிக்கு ஒரு சாம்பல் நிறச் சீமெந்துக் கல். கிணற்றைத் தாண்டியதும் இருவரும் நின்றார்கள். எருக்கலைக் காடு. நடுவில் பூவரசு. கீழே பொட்டு வைத்த கல்.

அண்ணை சப்பாத்தைக் கழற்றினார்.  எங்களுடைய வீட்டுக்கு இரண்டு தரம் கூரை போட்ட மனிதர், தான் பிறந்த வளவில் வெறுங்காலோடு, என்ன ஏதென்று தெரியாமல் கைகூப்பி நின்றார்.

எப்போதிருந்து என்று அவர் கேட்டதற்கு, மதிலுக்கு மேலால் அக்கா பதில் சொன்னார். ஆறு மாதமாம். தானாக வெளிக்கிட்டவராம். என்னை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

அண்ணை அளவு நாடாவைச் சுருட்டினார். தோட்டம் பிழைத்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது ஒப்பந்தக்காரர், உதவி செய்கிற ஆசையில்தான், ஒரு யோசனை சொன்னார். வைரவரை இப்படி மழையிலும் வெயிலிலும் விடக் கூடாது, ஒரு திண்டு கட்டி மாபிள் பதித்து மேலே சின்னக் கூரை போட்டுக்கொடுக்கலாம், சுற்றி நாலு பக்கமும் சனம் நின்று கும்பிடச் சீமெந்துக் கல் பதிக்கலாம், உந்தப் பத்தையையெல்லாம் வெட்டினால் வாகனத்துக்கும் இடம் வரும். அண்ணையின் முகம் மலர்ந்தது. அக்காவின் முகமும் மலர்ந்தது.

அப்போது விளங்கியது. கலியாணத்துக்கென்றாலும் சீமெந்து. சாமிக்கென்றாலும் சீமெந்து.

"அது வைரவர் இல்லை அண்ணை," என்றேன். "கடல் பிராணி. நான்தான் உடைச்சு எடுத்தனான். நான்தான் நிமித்தி வைச்சனான்."

மதிலுக்கு மேலே அக்காவின் தலை மறைந்தது.

அண்ணை சப்பாத்தைப் போடுவதா விடுவதா என்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். பிறகு, அப்படியென்றால் இன்னும் சுகம், கல்லைத் தூக்கி அங்காலே வைத்துவிட்டு முழுவதும் பதிக்கலாம் என்றார்.

"பதிக்கேலாது."

"ஏன்?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. வீட்டு உறுதி என் பெயரில் இருக்கிறது, அம்மா சீதனமென்று எழுதிவைத்தது; அதை அவருக்கு எதிரே நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. மழைத் தண்ணீர் கிணற்றுக்குப் போக மண் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். கல்லுக்குள் இருக்கிற கடலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். எல்லாம் உண்மை. ஆனால் எல்லாவற்றிலும் நான் யாருக்காவது பின்னால் ஒளித்து நிற்கிறேன், வைரவருக்குப் பின்னால் நின்ற மாதிரியே.

"எனக்கு வேண்டாம்," என்றேன்.

அவர் காத்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு ஒரு காரணம் வரும் என்று நினைத்தார். வரவில்லை.

"பிள்ளையின்ரை கலியாணம்," என்றார்.

"நடக்கட்டும். பந்தலை முன்பக்கத்திலை போடுவம். காருகள் வீதியிலை நிக்கட்டும். உதிலை சீமெந்து விழாது."

"நீ பாப்பம் எண்டனி."

"ஓம். அது என்ரை பிழை. அண்டைக்கே ஏலாதெண்டு சொல்லியிருக்கோணும்."

"புழுவுக்காக."

"புழுவுக்கும் எனக்கும்."

ஒப்பந்தக்காரர் மாதிரிக் கல்லை மெதுவாகக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு, வீதியில் ஏதோ வேலை இருப்பதுபோல நடந்தார்.

அதற்குப் பிறகு நான்கு கிழமை அண்ணை என் வீட்டில் இருந்தார், என்னோடு கதைக்காமல். தேநீர் வேண்டுமா இல்லையா என்பதைக் கூட வந்திருந்த தன் மனைவியான மச்சாளுக்குச் சொன்னார், மச்சாள் எனக்குச் சொன்னா. எனக்கு நொந்தது. நொந்தபடியே தேநீர் போட்டேன். கலியாணத்தன்று பந்தல் நெருக்கமாகத்தான் இருந்தது. கதிரைகள் ஒன்றோடொன்று முட்டின. சப்பாத்துகளில் செம்மண் ஒட்டத்தான் செய்தது. வரி போட்ட புழு ஒன்று, கூடு கட்ட இடம் தேடி ஊர்ந்து, மாப்பிள்ளை வீட்டுப் பெண்மணி ஒருவரின் காஞ்சிபுரத்தில் ஏறிவிட்டது. அவர் எழும்பி நின்ற விதத்தில் மேளகாரர்கூட ஒரு தட்டுத் தவறினார். நான் போய் அதை விரலில் ஏற்றி எடுத்தேன். இவள்தான் உந்தப் புழு வளர்க்கிறவளோ என்று ஒருவர் கேட்டது காதில் விழுந்தது. திரும்பி நின்று, நான்தான் என்றேன். கலியாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்து முடிந்தது. செம்மண்ணால் ஒரு தாலியும் அறுந்து விழவில்லை.

அண்ணை புறப்பட்ட அன்று வாகனத்தில் ஏறும்போது "வாறன்" என்று மட்டும் சொன்னார். அது எனக்கா, வீட்டுக்கா என்று தெரியவில்லை.

அக்கா அதற்கும் பிறகுதான் வந்தார். அவரை ஊருக்கு முன்னால் பொய்யராக்கிவிட்டேன் என்ற கோபம். கிணற்றுக்கட்டில் இருந்து வெகுநேரம் கல்லைப் பார்த்துவிட்டு, நீ இல்லையென்று சொன்னால் அவர் இல்லையென்று ஆகிவிடுமோ என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். பூ வைக்கலாம் என்றேன். வடையும் வைக்கலாம், வடையை நான் சாப்பிடுவேன். சீமெந்து மட்டும் வைக்க முடியாது. அவர் யோசித்தார். சரி என்று சொல்லவில்லை, ஆனால் அடுத்த வெள்ளி கல்லில் ஒரு செவ்வரத்தம்பூ இருந்தது.

ஒப்பந்தக்காரர் விட்டுப்போன மாதிரிக் கல் அப்படியே கிடந்தது. ஒரு நாள் அதையும் உடைத்துப் பார்த்தேன். மூன்று போட்டில் பிளந்தது. உள்ளே சாம்பல். வெளியே இருந்த அதே சாம்பல். இரண்டு துண்டையும் கிணற்றடியில் பாசியேறப் போட்டுவிட்டேன்.

ஐப்பசி திரும்பி வந்தது. பூச்சிகள் மறுபடியும் ஊரைக் கடந்தன. சில இறங்கின. எண்ணவில்லை, எண்ணினால் கணக்காகிவிடும். வேலியோரத்தில் இன்னும் இரண்டு பாத்தி அகலமாக்கலாம் என்று அலவாங்கோடு நின்றபோது தொலைபேசி அடித்தது. அண்ணை. கலியாணத்துக்குப் பிறகு முதல் தரம். தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டே இன்னொரு போடு போட்டேன். சுகமோ என்று அவர் கேட்கவில்லை.

"என்ன சத்தம் உது?" என்றார்.

"கல்லு."

 அங்கே அவருக்குப் பின்னால் ஏதோ வாகனம் போனது.

"இன்னும் உடைக்கிறியோ?"

"ஓம்."

அவர் தொலைபேசியை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அதை மதிலில் நிமிர்த்தி வைத்துவிட்டு, கேட்கட்டும் என்று, அலவாங்கை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிப் போட்டேன்.